சேர்வரிலிருந்து முனையச் சாளரம் திறக்க

வீட்டில் இருந்தபடியே தொலைவிலுள்ள லினக்ஸ் சேர்வரில் வேலை செய்யும் பிள்ளைகளுக்காக இக்குறிப்புகள்.

• சேர்வருடன் இணைக்கும் எஸ்எஸ்எச் கட்டளையில் சிறுகோட்டுடன் பெரிய எக்ஸ் எழுத்தைச் சேருங்கள். சேர்வர் திறக்கும் சாளரம் உங்கள் திரைக்கு வரும். விண்டோஸ் கணினியில் ‘எக்ஸ் சேர்வர்’ மென்பொருளும் ஓடவேண்டும்.

• எக்ஸ் எழுத்துக்குப் பதிலாகப் பெரிய ஒய் சேர்த்தால் அது பாதுகாப்புக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திவிடும். முழு நம்பிக்கையுள்ள சேர்வருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

• இணைப்பு மெதுவா? பெரிய சி தரவைச் சுருக்கி அனுப்பும்.

• ‘டிஸ்பிளே’ மாறியைக் கையால் மாற்றாதீர்கள். எஸ்எஸ்எச் தானே அமைத்துக்கொள்ளும்.

இணைந்தபின் எக்ஸ்டேர்ம் என்னும் முனையச் சாளரத்தைத் திறக்கும்போது:

• பெரிய டி: சாளரத்துக்குத் தலைப்பு. பல சாளரங்கள் திறந்திருந்தால் குழப்பம் வராது.

• ஜியோமெட்ரி 80x24: 80 எழுத்து அகலம், 24 வரி உயரம். இவை பிக்சல் அளவுகள் அல்ல.

• ஹோல்ட்: கட்டளை முடிந்தபின்னும் சாளரம் மூடாது; பிழைச் செய்தியை ஆறுதலாக வாசிக்கலாம்.

• சிறிய இ: சாளரத்துக்குள் ஓடவேண்டிய கட்டளை. இதை எப்போதும் கடைசியில் எழுதுங்கள். இதற்குப் பின் வருவதெல்லாம் அந்தக் கட்டளைக்கே போகும்.

• வரியின் முடிவில் & போட்டால் பழைய முனையத்திலும் வேலையைத் தொடரலாம்.

முக்கியம்: இணைப்பு அறுந்தால் இந்தச் சாளரங்களும் மூடிவிடும். நீண்ட வேலையைச் சேர்வரில் டிமக்ஸ் என்னும் மென்பொருளுக்குள் தொடங்குங்கள். மீண்டும் இணைந்து, விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.