கதண்டு கொட்டினால் சுண்ணாம்பா?

கே: தென்னையில் கதண்டு கூடு கட்டியிருக்கிறது. ராத்திரியில் பந்தம் கொளுத்தி எரித்துவிடலாமா?

ப: கூடாது. ஒரு கதண்டு நசுங்கினாலே அதிலிருந்து எழும் வாடை மற்றவற்றை உசுப்பிவிடும். மரத்தின் உச்சியில் இருப்பவருக்கு ஓட இடமில்லை; கொட்டோடு விழுந்த அடியும் சேரும். 101-க்குச் சொன்னால் தீயணைப்புத் துறையினர் வந்து அழிப்பார்கள். அதுவரை அந்த மரத்தில் தேங்காய் பறிக்கவும் வேண்டாம், அடியில் ஆடு கட்டவும் வேண்டாம்.

கே: தேனீயின் கொடுக்கைக் கையால் பிடுங்கக் கூடாது, அட்டையால் வழித்தெடுக்க வேண்டும் என்பது உண்மையா?

ப: அட்டை தேடும் நேரத்தில் விஷப்பை காலியாகிவிடும். நகமோ விரலோ, முந்துவதுதான் முறை. குளவிக்கும் கதண்டுக்கும் இந்தக் கேள்வியே இல்லை. அவற்றின் கொடுக்கு உடம்பில் தங்காது. ஒன்றே பலமுறை கொட்டும்.

கே: கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவினால் விஷம் இறங்கிவிடுமா?

ப: இறங்காது. சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், சாணி என்று ஊருக்கு ஒரு வைத்தியம். விஷம் தோலுக்கு அடியில் போய்விட்டது. மேலே பூசுவது புண்ணைத்தான் கூட்டும். ஒற்றைக் கொட்டு, வீக்கமும் கடுப்பும் அந்த இடத்தோடு நின்றால், சோப்பு போட்டுக் கழுவி ஐஸ் ஒத்தடம் கொடுத்தாலே அடங்கும். தானாக அடங்கியதற்கான பெயரைத்தான் சுண்ணாம்பு தட்டிக்கொண்டு போகிறது.

ஆளைக் கொல்லும் வழிகள் இரண்டு. ஒன்று ஒவ்வாமை. அதற்கு ஒரே கொட்டு போதும்: உடம்பெங்கும் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், குரல் கம்முதல், மூச்சிரைப்பு, மயக்கம், பெரும்பாலும் சில நிமிடங்களில். மருந்து, தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. செட்ரிசின் மாத்திரை அதற்கு ஈடாகாது. 108-ஐ அழைத்துவிட்டு, ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் மட்டும் உட்காரவைக்கலாம். மயங்குகிறவரைப் பைக்கில் இருவர் நடுவே நிமிர்த்தி உட்காரவைத்துக் கொண்டுபோவது உயிருக்கே உலை.

மற்றது எண்ணிக்கை. உடம்பெல்லாம் கொட்டு விழுந்தால் தசையும் ரத்தச் சிவப்பணுக்களும் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கும். முதல் நாள் ஆள் பேசிக்கொண்டு நடமாடுவார். பிறகு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்கும், அளவும் குறையும். டயாலிசிஸ் வரை போகும். எனவே நிறையக் கொட்டு வாங்கியவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் மருத்துவமனையில் தங்கி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

கே: தேள், பூரான் இரண்டில் எது ஆபத்தான பூச்சி?

ப: இரண்டும் பூச்சியே அல்ல. பூச்சிக்குக் கால் ஆறு. ஆனால் தேள் கொட்டிய குழந்தைக்கு வியர்த்து வாந்தி எடுத்தால், கால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

கே: காலையில் எழுந்தால் கழுத்தில் சூடு போட்டதுபோல நீளக் கோடு. எது கடித்தது?

ப: எதுவும் கடிக்கவில்லை. மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும், எறும்பு போன்ற ஆரஞ்சு–கறுப்பு வண்டு தூக்கத்தில் நசுக்கப்பட்டிருக்கும். அதன் உடலிலுள்ள பெடரின் என்ற நஞ்சு பட்ட இடம், ஒரு நாள் கழித்துச் சிவந்து கொப்புளிக்கும். மேலே உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதித் தள்ள வேண்டும்; பட்டுவிட்டால் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்; அந்தக் கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது. இதை அக்கி என்று நினைத்துக் காவி எழுதப் போகிறவர்களும் உண்டு. எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஓரிரு வாரத்தில் ஆறிவிடும்.