மறதிநோயாளரைப் பராமரிப்போருக்கு இணையவழிப் பாடங்கள்

மாத்தளை நகருக்கு வடக்கேயுள்ள அலுவிகாரைக் குகைகளில், மனனமாகவே வழங்கிவந்த பௌத்த மறைநூலான பாளித் திரிபிடகம், நினைவை மட்டும் நம்பியிராமல் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஓலையில் எழுதப்பட்டதாக மரபு கூறும். நினைவும் சிந்தனையும் அன்றாடச் செயல்திறனும் படிப்படியாகத் தேயும் நிலையான முதுமை மறதிநோய் ஒருவரைப் பற்றும்போதும், அவருடைய உணவு விருப்பம், பழக்கங்கள், மருந்து வேளை, எரிச்சலூட்டுபவை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது, மாறிமாறிப் பராமரிக்கும் குடும்பத்தினருக்குப் பெரிதும் உதவும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 'ஐசப்போர்ட்' என்னும் இணையவழிப் பயிற்சி, நோயின் இயல்பு, பராமரிப்பவர் தம்மைப் பேணுதல், அன்றாடப் பணிவிடை, நடத்தை மாற்றங்கள் முதலியவற்றை 5 தொகுதிகளாகவும் 23 பாடங்களாகவும் தருவதால், அவசரமானதை முதலில் கற்கலாம்; இணைய வசதி குறைந்தோருக்கு 2019இல் வெளியான அதன் கையேடு உண்டு. சொந்த வீட்டிலிருந்தபடியே "வீட்டுக்குப் போகவேண்டும்" என நோயாளர் மாலைதோறும் வற்புறுத்தினால், இதுதான் வீடு என்று வாதாடாமல், அதன் பின்னுள்ள அச்சத்தையோ பசியையோ வலியையோ கண்டறிந்து, பழைய வீட்டைப் பற்றிப் பேசவிட்டுக் கவனத்தைத் திருப்புவது பெரும்பாலும் பலன்தரும். பாடத்தில் எளிதாகத் தோன்றும் இது, பத்தாவது முறை கேட்கப்படும்போது எளிதன்று. ஓரிரு நாளில் குழப்பம் திடீரென மிகுந்தால், தொற்றோ நீரிழப்போ காரணமாகலாம் என்பதால், பாடத்தைத் தேடிக்கொண்டிராமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும்.