வாடாமல்லி நீலமான கதை

போன எபிசோடில் போன் கேமரா பற்றிப் பேசும்போது ஒரு சேலைக் கதையைப் பாதியில் விட்டுட்டேன். மீதி இதுதான். கூடவே கொஞ்சம் பாடமும் இருக்கு. உங்க வீட்டிலும் அம்மாவோ சித்தியோ வாட்ஸ்அப்பில் எதையாவது விற்கிறாங்கன்னா, போட்டோ எடுக்கிற வேலை எப்படியும் உங்க தலையில்தானே விழும்?

எங்க வீடு ஃபர்வானியாவில், மூணாவது மாடி. ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் அம்மா காஞ்சிபுரத்தில் ஏழெட்டுப் பட்டுச் சேலை வாங்கி வந்து தெரிந்தவர்களுக்கு விற்பார். போட்டோகிராஃபர் நான். ஒரு வியாழக்கிழமை ராத்திரி, வாடாமல்லிக் கலர் சேலை ஒன்றை சோபா மேல் விரித்து, டியூப்லைட்டைப் போட்டு, நாலு கிளிக். பத்து நிமிஷத்தில் சால்மியாவிலிருந்து ஒரு ஆன்ட்டி, “எனக்கு எடுத்து வைங்க” என்று மெசேஜ். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தோம். பிரித்துப் பார்த்தவர் முகம் மாறியது. “நான் ராயல் ப்ளூன்னுல்ல நினைச்சேன்? பொண்ணு நிச்சயத்துக்கு நீலம்தான் வேணும்மா.”

திட்டவில்லை, சண்டை போடவில்லை. காபி கூடக் கொடுத்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம். காரில் அம்மா சொன்னது ஒரே வரி: “நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடுச்சு.”

அன்றைக்கு எனக்குத் தோன்றிய முதல் யோசனை, புது போன் வாங்கலாம் என்பதுதான். நல்லவேளை, காசு இல்லை. ஏன்னா கோளாறு போனில் இல்லை, டியூப்லைட்டில் இருந்தது.

வாடாமல்லி என்பது சிவப்பும் நீலமும் கலந்த நிறம். நம்ம வீடுகளில் இருக்கிற விலை குறைந்த எல்இடி டியூப்களின் ஒளியில் நீலம் தாராளமாக இருக்கும், ஆழ்ந்த சிவப்பு ரொம்பக் குறைவாக இருக்கும். வெளிச்சத்தில் இல்லாத சிவப்பைத் துணி எங்கிருந்து திருப்பி அனுப்பும்? சேலையின் நீலப் பங்கு மட்டும் கேமராவுக்குப் போய்ச் சேர்ந்தது. இதே காரணத்தால்தான் ராத்திரி எடுத்த படத்தில் அரக்குச் சேலை காபிப்பொடி நிறத்தில் தெரியும்.

பல்பு டப்பாவில் சிஆர்ஐ என்று ஒரு எண் போட்டிருப்பாங்க. நிறங்களை அந்த விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு 100-க்கு இத்தனை என்று மதிப்பெண். 80 இருந்தாலே நல்ல பல்பு என்று விற்பார்கள். ஆனால் அந்த மதிப்பெண் எட்டு வெளிர் நிறங்களை வைத்துக் கணக்கிடுவது. ஆழ்ந்த சிவப்பு அந்த எட்டில் கிடையாது, அதற்கு ஆர்9 என்று தனி எண். குங்குமச் சிவப்பும் அரக்கும் வாடாமல்லியும் விற்கிற நமக்கு ஆர்9-தான் முக்கியம். ராத்திரிதான் நேரம் கிடைக்கும் என்கிறவர்கள் சிஆர்ஐ 95-க்கு மேல் உள்ள ஒரே ஒரு பல்பு வாங்கிக்கோங்க. மற்றவர்கள் அதையும் வாங்க வேண்டாம், ஜன்னல் போதும்.

எந்த ஜன்னல் என்பதில்தான் குவைத்துக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கு. சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை அங்கே நடுப்பகல் சூரியன் வடக்குப் பக்கம் போய்விடும். குவைத் 29 டிகிரி. கடகரேகையைத் தாண்டி மேலே இருக்கிறோம், அதனால் வருஷம் முழுக்க இங்கே உச்சிச் சூரியன் தெற்கில்தான். அப்படின்னா வடக்கு பார்த்த ஜன்னலில் நடுப்பகலில் நேர் வெயில் விழவே விழாது. ஜூனில்கூட காலை ஒன்பதரையிலிருந்து மதியம் இரண்டு மணி வரை வானத்தின் மென்மையான ஒளி மட்டும் வரும். ஸ்டூடியோக்காரர்கள் பெரிய சாஃப்ட்பாக்ஸ் வைத்துத் தயார் பண்ணுகிற ஒளி இதுதான். போனில் காம்பஸைத் திறந்து உங்க வீட்டில் எந்த அறை வடக்கு என்று இப்பவே பாருங்க. எங்க வீட்டில் அது சமையலறை! வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு மேசையைக் காலி பண்ணித் தரச் சொல்வதற்குள் எனக்கும் அம்மாவுக்கும் நடக்கிற பேச்சுவார்த்தை தனி எபிசோட்.

வடக்கு ஜன்னல் இல்லையா? வெயில் விழும் ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியை இறுக்கமாகக் கட்டுங்க. நேர் வெயில் அதில் பட்டு, ஜன்னல் முழுக்க ஒரே விளக்காக மாறிவிடும். வேட்டி பளிச்சென்று வெள்ளையாக இருக்கணும், பழுத்த வேட்டி என்றால் படமும் பழுக்கும்.

நம்ம ஊர் ஃபிளாட்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. வெயிலுக்குப் பயந்து பல கட்டடங்களில் பச்சையோ பழுப்போ கலந்த கண்ணாடி போட்டிருப்பாங்க. உள்ளே வரும் ஒளியும் அந்த நிறத்தில்தான் இருக்கும். முடிந்தால் படம் எடுக்கும் அந்தப் பத்து நிமிஷம் கண்ணாடியைத் திறந்து வைங்க. ஜூலையில் சொன்னால் அடிக்க வருவீங்க, தெரியும். 2016 ஜூலை 21 அன்று மித்ரிபாவில் 53.9 டிகிரி பதிவான நாடு இது. ஐபோனை 35 டிகிரிக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்று ஆப்பிளே சொல்கிறது. அந்த மாதங்களில் கண்ணாடியை மூடியே எடுத்து, நிறத்தைப் பின்னால் சரி செய்யலாம்.

எப்படிச் சரி செய்வது? முதல் படத்தில் மட்டும் சேலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து எடுங்க. பிறகு இலவசமாகக் கிடைக்கும் ஸ்னாப்சீட் செயலியில் ஒயிட் பேலன்ஸைத் திறந்து, அதிலுள்ள துளிப்பான் குறியைத் தாளின் மேல் வைங்க. தாள் வெள்ளையானால் சேலையும் தன் நிறத்துக்கு அநேகமாக வந்துவிடும். அதே அளவை மற்ற படங்களுக்கும் போடுங்க. தூசிக்காற்று அடித்து வானமே ஆரஞ்சாக இருக்கிற நாளிலும் இது ஓரளவு காப்பாற்றும். ஒரே நிபந்தனை: அறையில் டியூப்லைட் எரியக்கூடாது. ஜன்னல் ஒளி பாதி, டியூப் ஒளி பாதி என்று கலந்துவிட்டால் ஒரு பக்கத்தைச் சரி பண்ணும்போது மறுபக்கம் கெடும்.

இதையெல்லாம் செய்யும்போது போன் திரையில் நைட் மோட், ட்ரூ டோன் எதுவும் ஓடக்கூடாது. மஞ்சளான திரையைப் பார்த்துக்கொண்டு நிறம் திருத்தினால், மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு பெயின்ட் வாங்கின கதைதான்.

எடுக்கும் முறையில் பெரிசாக ஒன்றும் இல்லை. லென்ஸைத் துடைங்க, சமையலறை என்றால் இரண்டு தடவை. ஃபிளாஷ் வேண்டாம். பக்கத்தில் போய் எடுக்காமல் ரெண்டடி பின்னால் வந்து 2எக்ஸ் வைங்க, பார்டர் வளையாது. சேலை மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு வெளிச்ச அளவைக் கையால் கூட்டிக் குறைங்க. போனின் மீட்டருக்கு உலகமே நடுத்தரச் சாம்பல் என்று நினைப்பு. வெள்ளைப் பின்னணியை அழுக்காக்கும், கறுப்புச் சேலையை வெளுக்கவைக்கும்.

சரிகைதான் எனக்குப் பிடித்த இடம். சரிகையின் பளபளப்பு உலோகத்தின் பளபளப்பு. அது தன் எதிரில் எது இருக்கிறதோ அதைத்தான் காட்டும். எதிரில் இருட்டான ஹால் இருந்தால் தங்கச் சரிகை கறுத்துத்தான் தெரியும். ஜன்னலை இடது பக்கம் வைத்துக்கொண்டு, வலது பக்கம் டிவி டப்பாவில் வந்த தெர்மோகோல் பலகையை நிறுத்துங்க. தூக்கிப் போட இருந்த பலகைதான், ஒரு ஃபில்ஸ் செலவில்லை. அதை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கும்போது ஒரு இடத்தில் சரிகை சட்டென்று எரியும். அங்கே நிறுத்தி எடுங்க. கவரிங் நகைக்கும் பித்தளை விளக்குக்கும் இதே வித்தைதான்.

மயில் கழுத்து நிறம் மட்டும் ஒரே படத்துக்கு அடங்காது. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம், ஆட்டினால் பச்சையும் நீலமும் மாறி மாறி வரும். எந்தப் படம் எடுத்தாலும் பாதி உண்மைதான் கிடைக்கும். முந்தானையைக் கையில் பிடித்து மெதுவாகத் திருப்பி ஐந்து விநாடி வீடியோ எடுத்து அனுப்பிடுங்க. விளக்கொளியில் எடுத்தால் வீடியோவில் கறுப்புக் கோடுகள் ஓடலாம். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு நூறு முறை மினுங்கும். ப்ரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் கோடு நின்றுவிடும்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்ததை வாட்ஸ்அப் சுருக்கிவிடும். 2023 ஆகஸ்டில் வந்த ஹெச்டி பட்டனை அழுத்தி அனுப்புங்க. பார்டரின் நெசவு முக்கியம் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்க, எதுவும் குறையாது.

ஏஐ பற்றிக் கேட்பீங்க. பின்னணியிலிருக்கும் கேஸ் சிலிண்டரை நீக்க நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் ‘என்ஹான்ஸ்’ பட்டனை சேலை மேல் அழுத்துவதில்லை. ஒரு தடவை அது பார்டரில் இருந்த அன்னத்தை ஏதோ ஒரு பூவாக மாற்றித் தந்தது. அழகான பூதான், சேலையில்தான் இல்லை.

இப்போது ஒவ்வொரு சேலைக்கும் ஐந்து படம் போடுகிறோம்: முழுச்சேலை, முந்தானை, இன்ச் டேப் வைத்த பார்டர், ரவிக்கைத் துணி, அப்புறம் நூல் இழுத்த இடமோ கறையோ இருந்தால் அதுவும். கடைசிப் படத்தைப் போட அம்மா முதலில் ஒத்துக்கவே இல்லை. “குறையைக் காட்டியா விற்பாங்க?” என்றார். இப்போது அவரே, “அந்தக் கறைப் படத்தை எடுத்தியா?” என்று கேட்கிறார்.

அந்த வாடாமல்லிச் சேலையை அடுத்த வெள்ளிக்கிழமை சமையலறை ஜன்னலோரம் வைத்துத் திரும்ப எடுத்தேன். முந்தின படத்தையும் பக்கத்திலேயே போட்டு, ‘இது டியூப்லைட், இது பகல்’ என்று எழுதி ஸ்டேட்டஸ் வைத்தோம். சாயங்காலத்துக்குள் விற்றுவிட்டது. வாங்கியது அந்த சால்மியா ஆன்ட்டியின் தங்கச்சி.