கொள்ளை நோயும் கொடுக்கல் வாங்கலும்



2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் 21 நாட்களுக்கு ஊரடங்கு தொடங்கியது. பிறகு அது நீண்டுகொண்டே போனது. பள்ளிவாசல்களில் ஜும்ஆ நின்றது. வீட்டில் லுஹர் தொழுதோம். அந்த ஆண்டு தராவீஹும் பெருநாள் தொழுகையும் வீட்டில்தான். இன்று அதையெல்லாம் பழைய கதையாகப் பேசுகிறோம். ஆனால் அந்த நாட்களில் ஏற்பட்ட சில கடன்கள் இன்னும் தீரவில்லை.

இரண்டு தவறான போக்குகள்

அப்போது ஒரு சாரார், "அல்லாஹ் நாடியதுதான் நடக்கும்" என்று சொல்லி எந்தப் பேணுதலும் இல்லாமல் திரிந்தார்கள். இன்னொரு சாரார் பயத்தில் மனிதத்தன்மையையே மறந்தார்கள். சென்னையில், தொற்றால் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தாக்கியது. நோய்க்கு மதம் இல்லை; ஆனாலும் நோயைக் காரணம் காட்டி ஒரு சமுதாயத்தையே பழித்தவர்களும் இருந்தார்கள். அதே நாட்களில், எந்த மதத்தவர் இறந்தாலும் அவர்களை முறைப்படி அடக்கம் செய்ய நம் இளைஞர்கள் முன்வந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

மார்க்கம் காட்டும் வழி நடுநிலையானது. கொள்ளை நோய் உள்ள ஊருக்குள் போகாதீர்கள், இருக்கும் ஊரில் வந்துவிட்டால் தப்பி ஓடாதீர்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டுதல். ஷாம் தேசத்தில் நோய் பரவியதைக் கேள்விப்பட்ட உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்ற இடத்திலிருந்து திரும்பினார்கள். "அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா?" என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதியின் பக்கமே போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். பேணுதலும் தவக்குலின் ஒரு பகுதிதான்.

பஞ்ச காலத்தில் உமர் (ரலி)

ஹிஜ்ரி 18 சோதனை மிகுந்த ஆண்டு. ஷாமில் அம்வாஸ் கொள்ளை நோய். ஹிஜாஸில் கடும் பஞ்சம். மக்களுக்குக் கிடைக்காத நெய்யைத் தானும் தொடுவதில்லை என்று உமர் (ரலி) இருந்துவிட்டார்கள். மற்ற பகுதிகளிலிருந்து உணவை வரவழைத்தார்கள். அந்த ஆண்டு ஜகாத் வசூலைத் தள்ளிவைத்தார்கள் என்ற அறிவிப்பும் உண்டு. ஊரே கஷ்டப்படும்போது வசூலிப்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இது பாடம்.

நம் கணக்கைப் பார்ப்போம்

ஊரடங்கில் வங்கிக் கடன் தவணைகளை முதலில் 3 மாதங்களும், பிறகு 2020 ஆகஸ்ட் 31 வரையும் தள்ளிவைக்க அனுமதித்தார்கள். தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. அல்லாஹ் கற்றுத்தரும் அவகாசம் வேறு. கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும் வரை காத்திருங்கள், தள்ளுபடி செய்துவிட்டால் அது உங்களுக்கு இன்னும் நல்லது என்ற கருத்தை அல்பகரா 280ஆவது வசனம் தருகிறது. அதில் கூடுதல் தொகைக்கு இடமே இல்லை.

எனவே சகோதரரே, உங்களை நீங்களே கேளுங்கள். கடை மூடியிருந்த மாதங்களுக்கான வாடகை பாக்கிக்காக இன்றும் ஒருவரை நெருக்குகிறீர்களா? அந்த நேரத்தில் வேலை செய்த தொழிலாளியின் கூலியை, நிலைமை சீரான பிறகும் கொடுக்காமல் வைத்திருக்கிறீர்களா? வியர்வை உலரும் முன் கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது, ஆண்டுகள் உலர்ந்துவிட்டன. தட்டுப்பாட்டைப் பயன்படுத்திப் பொருளைப் பதுக்கி விற்றீர்களா? பதுக்குபவர் பாவி என்று நபி (ஸல்) எச்சரித்திருக்கிறார்கள்.

கடன் வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. "கொரோனாவில் நொடித்துவிட்டேன்" என்பது அன்று உண்மைதான். இன்று கையில் இருந்தும் அதையே சொன்னால் அது அநீதி. வசதி உள்ளவர் இழுத்தடிப்பது பாவம்.

இந்த ஜும்ஆ முடிந்ததும் ஒரே ஒருவரிடமாவது பேசுங்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள், முடியாதவருக்கு விட்டுக்கொடுங்கள்.

யா அல்லாஹ்! கடன்பட்டவர்களின் கடனை நிறைவேற்றிக் கொடுப்பாயாக! கொள்ளை நோய்களிலிருந்தும் கல்நெஞ்சத்திலிருந்தும் எங்களைக் காப்பாயாக! ஆமீன்.