வியர்த்த முட்டை

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு சிறு வழக்கு நடந்தது. இரவில் மின்சாரம் நின்றதும் குளிர்ப்பெட்டியில் இருந்த எட்டு முட்டைகளையும் அம்மா வெளியே எடுத்து வைத்தார். சற்று நேரத்தில் அவை முத்து முத்தாக வியர்த்துவிட்டன. விடிந்ததும் தம்பி ஒன்றைக் கையில் எடுத்தான். கபடிப் பயிற்சிக்குப் போகுமுன் பச்சை முட்டை குடிப்பது அவன் வழக்கம். விலங்கியல் படிக்கிறவளாயிற்றே, நான் தடுத்தேன்.

“கடைக்காரன் வெளியில் அடுக்கி வைத்துத்தானே விற்கிறான்? அது மட்டும் கெடாதா?” என்றார் பாட்டி.

எளிதில் தள்ளக்கூடிய கேள்வியன்று அது. நாமக்கல் முட்டைகள் பெரும்பாலும் குளிரூட்டப்படாமலேதான் நம் கடைகளுக்கு வருகின்றன. முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. மெல்லிய படலம் ஒன்று அவற்றை மூடியிருக்கிறது. வெள்ளைக்கருவிலோ நுண்ணுயிர்களைக் கொல்லும் லைசோசைம் இருக்கிறது. (பெனிசிலின் புகழ் ஃபிளெமிங் 1922இல் இதற்குப் பெயரிட்டார்.) அமெரிக்காவில் முட்டையைக் கழுவி விற்பதால் மேற்படலம் சிதைந்துவிடுகிறது, அங்கே குளிர் கட்டாயம். ‘இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதே’ என்பது அந்நாட்டு விதி. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் கழுவுவதில்லை. கடையில் குளிரூட்டுவதும் இல்லை.

ஆனால் எங்கள் முட்டைகளை அம்மா வாங்கிய அன்றே கழுவியிருந்தார். குளிர்ந்தபின் வியர்த்தும் விட்டன. அந்த ஈரம், ஓட்டின் மேலுள்ள கிருமிகள் துளை வழியே உள்ளே செல்ல வழி செய்யும்.

பாட்டி விடவில்லை. சட்டியில் நீர் ஊற்றி முட்டைகளை இட்டார். எட்டும் அடியில் படுத்துக் கிடந்தன. “ஒன்றாவது மிதந்ததா?” என்றார். நாளாக ஆக ஈரம் ஆவியாகிக் காற்றறை பெரிதாவதால்தான் பழைய முட்டை மிதக்கிறது. எனவே இச்சோதனை முட்டையின் வயதைச் சொல்லும். சால்மொனெல்லாக் கிருமியைக் காட்டாது. அக்கிருமி சில வேளை, ஓடு உருவாகுமுன்பே கோழியின் உடலிலிருந்து உள்ளே புகுந்துவிடுகிறது. வெப்பத்தில் மஞ்சள்கருவின் சவ்வு தளர்ந்தால் அதன் சத்தை உண்டு பெருகும். நாற்றமும் இராது. இரு கருவும் கெட்டியாகுமளவு வெந்தால் அழிந்துவிடும். பச்சையாகக் குடிப்பவருக்கும் ஆஃப்பாயில் பிரியர்களுக்கும் அந்தக் காப்பு இல்லை.

ஓர் இரவுதான் ஆகியிருந்தது; ஓட்டில் விரிசலும் இல்லை. எட்டையும் நன்றாக வேகவைத்துக் குழம்பில் இட்டோம். அன்று பகலிலேயே தீர்த்தும் விட்டோம். அவித்த முட்டை பச்சை முட்டையைவிட விரைவில் கெடும் என்பதைப் பாட்டி நம்பவேயில்லை.

தம்பி அன்று நீராகாரம் குடித்துவிட்டுப் பயிற்சிக்குப் போனான். என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.