மணிவிழா முடிந்ததும் வேனில் ஏறாதீர்கள்

திருக்கடையூருக்கு மணிவிழா செய்துகொள்ள வருகிறவர்களில் பலர் முதல்நாள் இரவு வந்து, காலையில் ஹோமம் முடித்து, இலையில் சாப்பிட்டு, மூன்று மணிக்கெல்லாம் வேனில் ஏறிவிடுகிறார்கள். விழா நாயகரும் அவர் மனைவியும் ஈரப்பட்டு வைத்த பையைக் காலடியில் போட்டுக்கொண்டு தூங்கியபடியே ஊர் திரும்புகிறார்கள். எட்டு கிலோமீட்டர் தெற்கே தரங்கம்பாடி இருக்கிறது. வடக்கே அரை மணி நேரச் சொச்சத்தில் பூம்புகார். இரண்டையும் பார்க்காமல் திரும்புவது, கல்யாண வீட்டுக்குப் போய்ப் பாயசம் வருமுன் எழுந்துவிடுவதைப் போல.

ஆகவே யோசனை இதுதான்: சொந்தபந்தங்களை வழியனுப்பிவிட்டு, நீங்கள் இருவர் மட்டும் இன்னும் இரண்டு நாள் தங்குங்கள்.

நாள் குறிப்பது

மணிவிழாவுக்கு ஆங்கிலத் தேதி கணக்கில்லை. பிறந்த தமிழ் மாதத்தில் ஜென்ம நட்சத்திரம் வரும் நாளில் செய்வதே வழக்கம். அறுபது ஆண்டுச் சுற்று முடிந்து, பிறந்த வருடத்தின் பெயரே திரும்ப வரும். 1966 சித்திரையில் பிறந்த பராபவ வருடத்துக்கு அடுத்த பராபவம் 2026 சித்திரையில்தான். 59 முடிந்து 60 தொடங்கும்போது உக்ரரத சாந்தி, 60 நிறைந்ததும் சஷ்டியப்தபூர்த்தி, 70இல் பீமரத சாந்தி, 80இல் சதாபிஷேகம். இந்தக் கணக்கில் வராத வயதுக்காரர்கள் ஆயுஷ் ஹோமம் செய்துகொள்ளலாம்.

தை முதல் பங்குனி வரை பிறந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். வெயிலும் மழையும் தொந்தரவு செய்யாது. ஐப்பசி, கார்த்திகைக்காரர்கள் குடையோடு வாருங்கள். புயல் எச்சரிக்கை இருந்தால் கடற்கரைப் பகுதியைத் தள்ளிப்போடுங்கள். சித்திரை, வைகாசிக்காரர்கள் பதினோரு மணிக்குமேல் வெளியே திட்டம் வைக்காதீர்கள்.

போவதும் தங்குவதும்

ரயிலில் வந்தால் மயிலாடுதுறையில் இறங்குங்கள். அங்கிருந்து திருக்கடையூர் இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்; பஸ்ஸும் உண்டு, வாடகைக் காரும் உண்டு. சென்னையிலிருந்து காரில் வருகிறவர்களுக்குச் சிதம்பரம், சீர்காழி வழி. முதல் இரவு திருக்கடையூரில், இரண்டாம் இரவு தரங்கம்பாடியில் தங்குங்கள். திருக்கடையூரில் விடுதிகளுக்குக் குறைவில்லை. தரங்கம்பாடியில் அறைகள் கொஞ்சம்தான். சனி, ஞாயிறு என்றால் முன்பதிவு செய்யாமல் கிளம்பாதீர்கள்.

முதல் நாள்: திருக்கடையூர்

அட்ட வீரட்டானத் தலங்களில் ஒன்று இது. மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்த இடம் என்பது தலபுராணம். ஆயுள் விருத்திக்கு ஊர் ஊராக மக்கள் இங்கே வருவதன் காரணமும் அதுவே. மூலவர் அமிர்தகடேசுவரர், அம்பாள் அபிராமி. அபிராமி பட்டர் அந்தாதி பாடியதும், தை அமாவாசை இரவில் நிலவு தோன்றியதாகச் சொல்லப்படுவதும் இந்தச் சன்னதியில்தான். கோயில் தருமபுரம் ஆதீனத்தைச் சேர்ந்தது.

முகூர்த்த நாள்களில் பிராகாரம் முழுக்க ஹோம குண்டங்கள் எரியும். ஒரு குடும்பத்தின் நாதஸ்வரம் அடுத்த குடும்பத்தின் மந்திரத்தின்மேல் ஏறும். மஞ்சள் நூல் சுற்றிய கலசங்களுக்கு நடுவே, உங்கள் ஐயர் யார் என்று தேடிக்கொண்டே நடப்பீர்கள். கலச நீரைத் தலையில் ஊற்றியதும் ஐம்பது வயது மகன் தன் அப்பாவுக்குத் தலை துவட்டிவிடுவதைப் பக்கத்துக் குடும்பத்தில் பார்க்கலாம். பிறகு மாலை மாற்றி, மறுபடி தாலி கட்டும்போது அந்த அம்மாளின் முகத்தையும் பாருங்கள்.

ஏற்பாட்டாளரிடம் பேசும்போது நான்கு விஷயங்களை எழுதி வாங்குங்கள்: எத்தனை கலசம், எத்தனை பேருக்குச் சாப்பாடு, நாதஸ்வரமும் போட்டோவும் சேர்த்தியா, கோயில் கட்டணம் அதில் அடக்கமா. பட்டு நனையும், மாற்றுத்துணி அவசியம். முழங்கால் வலி இருந்தால் மணைக்குப் பதில் ஸ்டூல் கேளுங்கள், தயங்காமல் கொடுப்பார்கள். புகை ஒத்துக்கொள்ளாதவர்கள் மாத்திரையைக் கையில் வைத்திருங்கள்.

மதியம் நன்றாகத் தூங்குங்கள். சாயங்காலம் கூட்டம் குறைந்தபின், யாருக்காகவும் அவசரப்படாமல், இருவரும் மட்டும் அபிராமி சன்னதிக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

இரண்டாம் நாள்: தரங்கம்பாடி

காலை டிபன் முடித்துக் கிளம்பினால் கால் மணி நேரத்தில் ஊர் வாசலுக்கு வந்துவிடலாம். வாசல் என்பது நிஜமாகவே வாசல்: 1792இல் டேனிஷ்காரர்கள் கட்டிய வெள்ளை நுழைவாயில். உள்ளே கிங் தெரு நேராகக் கடலுக்குப் போகிறது. காரை வாசலிலேயே விட்டுவிட்டு நடப்பது நல்லது.

இடப்பக்கமும் வலப்பக்கமும் தேவாலயங்கள். சீயோன் ஆலயம் 1701இலும் புதிய எருசலேம் ஆலயம் 1718இலும் கட்டப்பட்டவை. பின்னதில்தான் சீகன்பால்கு அடக்கமாகியிருக்கிறார். டென்மார்க் அரசர் அனுப்பிய இந்த ஜெர்மானியர் 1706 ஜூலை 9இல் இங்கே கரையிறங்கினார். பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றதாகச் சொல்வார்கள். 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை இதே ஊரில் அச்சிட்டு முடித்தார். ஜெர்மனியிலிருந்து வந்த எழுத்துகள் பெரியதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். காகிதமும் பக்கத்துப் பொறையாரில் தயாரானது. அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்ற பெயர் இன்னும் வழங்குகிறது.

தெரு முடியும் இடத்தில் டேன்ஸ்பர்க் கோட்டை. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கட்டியது. நாயக்கர் டேனிஷ் அரசருக்குத் தங்க ஓலையில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் டென்மார்க்கில் பத்திரமாக இருக்கிறது. கீழ்த்தளத்தில் கிடங்கும் சிறையும். ஆளுநரோடு முரண்பட்ட சீகன்பால்குவும் சில மாதம் இந்தக் கோட்டையில் அடைபட்டிருந்தார். மேல்தளத்தில் மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள். 1845இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

கோட்டைக்கு வடக்கே, அலை தொடும் தூரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எஞ்சியதைக் காப்பாற்றத்தான் கரையில் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கற்களில் ஏறிப் போட்டோ எடுக்க வேண்டாம், பாசி வழுக்கும்.

கிழக்குக் கடல் என்பதால் மாலை நாலரைக்குமேல் கோட்டையின் நிழல் மணலில் நீண்டு விழும். உட்கார அதுவே நேரம். மறுநாள் ஐந்தரைக்கு எழுந்தால் சூரியோதயமும் கிடைக்கும், மீன் ஏற்றி வரும் படகுகளையும் பார்க்கலாம்.

மூன்றாம் நாள்: பூம்புகார்

சோழர்களின் துறைமுகம். குதிரை கடல்வழியாகவும் மிளகு வண்டியிலும் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை பட்டியல் போடுகிறது. அதை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். ரோம் நகரத்துத் தூண்களைப் போல எதுவும் இங்கே நிமிர்ந்து நிற்பதில்லை. இருப்பது செங்கல், அதுவும் முழங்கால் உயரத்துக்கு.

முதலில் பல்லவனேசுவரம் பக்கம் போங்கள். 1960களில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டி எடுத்த புத்த விகாரத்தின் அடித்தளம் அங்கே இருக்கிறது. சதுரச் சதுரமாக அறைகள். ஒரு துறவி படுக்கவும் உட்காரவும் போதுமான அளவு. ஒரு பாய் விரித்தால் மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று இருவரும் கணக்குப் போட்டுப் பாருங்கள். கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்று அகழ்வில் கிடைத்தது. படகு கட்டும் மரக்கம்பங்களும் அதோடு இருந்தன. காலம், கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது. நகரின் மிச்சத்தைத் தேடிக் கடலுக்கடியிலும் ஆய்வு நடந்திருக்கிறது.

கடற்கரையில் சிலப்பதிகாரக் கலைக்கூடம். 1973இல் திறக்கப்பட்டது, கண்ணகி கதை முழுவதும் கல்லில். பராமரிப்பு வேலைக்காக மூடுவதுண்டு, கேட்டுக்கொண்டு போங்கள். பக்கத்தில் காவிரி கடலில் கலக்கிறது. குடகிலிருந்து வரும் ஆறு இங்கே ஒரு வாய்க்கால் அளவுக்கு மெலிந்திருப்பதைப் பார்த்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். நீரோட்டம் மோசமானது, காலை நனைப்பதோடு நிறுத்துங்கள். இந்தக் கரையில்தான் கோவலனும் மாதவியும் மாற்றி மாற்றிப் பாடி, பாட்டின் அர்த்தத்தில் சந்தேகப்பட்டுப் பிரிந்தார்கள். நீங்கள் பாட வேண்டாம், சுண்டல் வாங்கிச் சாப்பிடுங்கள்.

கையோடு

தொப்பி, தண்ணீர், வழக்கமான மாத்திரைகள், மணலில் நடக்கத் தோதான செருப்பு, சில்லறை நோட்டுகள். திருக்கடையூரில் சைவச் சாப்பாடுதான். மீன் ஆசை இருந்தால் தரங்கம்பாடி வரை பொறுத்திருங்கள். பூம்புகாரிலிருந்து சீர்காழியோ மயிலாடுதுறையோ போய் மாலை ரயிலைப் பிடிக்கலாம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். திரும்பும் வேனில் இரண்டு இடம் காலியாக இருக்கும் என்று பத்திரிகை அடிக்கும்போதே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அன்றைக்குச் சொன்னால் விடமாட்டார்கள்.