கல்லூரிக் கட்டணமும் கடைக் கணக்கும்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் மே மாதத்தில் உத்திரமேரூர் கடைத்தெருவில் மளிகைச் சீட்டோடு இன்னொரு கேள்வியும் நம்மிடம் வருகிறது. "முதலாளி, பையனைக் காலேஜில் சேர்க்கணும், ஒரு லட்சம் கைமாத்து கிடைக்குமா?" என்று கேட்பவர் நமக்குப் பல வருடமாகப் பற்று வரவு உள்ள வாடிக்கையாளராக இருப்பார். சாலவாக்கம், மானாமதி, பெருநகர் பக்கத்துக் கிராமங்களில் அரசாங்க அலுவலகத்துக்குள் போகத் தயங்குபவர்கூட, கடைக்கு வந்து மனம் விட்டுப் பேசுவார். ஆகவே இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று வணிகர்களாகிய நாம் தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம்.

பதில் தவறினால் நஷ்டம் சிறியதல்ல. நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை கட்டணத்துக்குப் பயந்து படிப்பை விட்டுவிட்டு, ஒரகடம் கம்பெனி வேனில் ஒப்பந்த வேலைக்கு ஏறிவிடுகிறான். அல்லது அம்மாவின் நகை அடகுக்குப் போகிறது. இரண்டும் நம் கண் முன்னால் நடப்பவை.

முதலில் வட்டிக் கணக்கு

நாம் அறிந்த பாஷையிலேயே பார்ப்போம். மூன்று ரூபாய் வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினால் மாதம் 3,000 ரூபாய். வருடம் 36,000. நான்காண்டுப் பொறியியல் படிப்பு முடியும்போது வட்டி மட்டும் 1,44,000 கட்டியிருப்பார். அசல் ஒரு லட்சம் அப்படியே நிற்கும். வங்கிக் கல்விக் கடனுக்கு ஆண்டு வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் அதே ஒரு லட்சத்துக்கு நான்கு வருட வட்டி 40,000தான். வங்கி ஆண்டுதோறும் அந்தந்தத் தவணையைக் கல்லூரிக்கே செலுத்துவதால் அது இன்னும் குறையும். அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தும், அவசரத்தில் கை நீட்டுபவர் சட்டத்தை நினைப்பதில்லை.

ஆனால் வங்கிக் கடன்கூடக் கடைசிப் படிதான். சரக்கு எடுக்கும்போது தள்ளுபடியை முதலில் கழித்துவிட்டு, மீதிக்குத்தானே பணம் புரட்டுகிறோம்? கல்லூரிக் கட்டணத்துக்கும் அதே வரிசைதான்: முதலில் சலுகை, அடுத்து உதவித்தொகை, மீதிக்கு மட்டும் கடன்.

முதல் படி: சலுகை

வீட்டில் தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் என எவரும் பட்டம் பெறாதிருந்தால், அக்குடும்பத்திலிருந்து முதலில் தொழிற்கல்விக்குப் போகும் பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சலுகை உண்டு. 2010-11 கல்வியாண்டு முதல் இது நடைமுறைக்கு வந்தது. அரசின் கலந்தாய்வு மூலம் இடம் பெற்றால்தான் இச்சலுகை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது.

இதை அறியாமல் நம் வாடிக்கையாளர் ஒருவர், "இன்றே கட்டாவிட்டால் சீட்டு போய்விடும்" என்று ஒரு தரகர் மிரட்டியதை நம்பி, வட்டிக்கு வாங்கி நிர்வாக ஒதுக்கீட்டில் மகளைச் சேர்த்தார். பின்பு பார்த்தால் அந்தப் பெண்ணின் மதிப்பெண்ணுக்குக் கலந்தாய்விலேயே இடம் கிடைத்திருக்கும். சலுகையும் போயிற்று, நகையும் போயிற்று.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021லும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் சேர்வோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என்று 2021ல் அறிவிக்கப்பட்டது.

இரண்டாம் படி: உதவித்தொகை

அரசுப் பள்ளியில் படித்த மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5ல் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டு 9ல் தொடங்கியது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இவற்றில் சேர்க்கப்பட்டனர். வருடத்துக்கு 12,000 ரூபாய் என்றால் பஸ் கட்டணமும் புத்தகச் செலவும் சமாளித்துவிடலாம். வேறு உதவித்தொகை பெறுவது இதற்குத் தடையல்ல.

ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு மேற்படிப்பு உதவித்தொகை உண்டு. இதற்குப் பெற்றோர் ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம். மத்திய அரசின் தேசிய உதவித்தொகை இணையதளத்தில், பிளஸ் டூவில் முன்னணி மதிப்பெண் பெற்று, குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருப்பவர் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் பட்டப்படிப்பின் முதல் மூன்றாண்டுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். தொழில்நுட்பம் படிக்கும் பெண்களுக்கான பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். வருமான வரம்பு எட்டு லட்சம். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம்.

நம் பிள்ளைகளுக்கும் வழி உண்டு. 1989ல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு வணிகர் நல வாரியத்தில் உறுப்பினராயிருப்பவரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. நம்மில் பலர் உறுப்பினராகவே பதிவு செய்யாமல் இருக்கிறோம்.

மூன்றாம் படி: கடன்

இவை போக மீதம் நிற்கும் தொகைக்குத்தான் வங்கி. வங்கிகளின் பொதுவான திட்டப்படி நாலு லட்சம் வரை நம் கைப்பணம் எதுவும் போட வேண்டியதில்லை. ஏழரை லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் கொடுக்க மத்திய அரசின் உத்தரவாத நிதி ஏற்பாடு 2015 முதல் உள்ளது. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான் தவணை ஆரம்பம். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, தரச்சான்று பெற்ற நிறுவனத்தில் தொழிற்கல்வி பயின்றால், படிப்புக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டமும் உண்டு. இதை வங்கியில் வாய் திறந்து கேட்டுப் பெறவேண்டும்.

பணம் இருந்தும் சேராத கதை

வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார் 1794ல் காலமானபோது தம் சொத்தைத் தர்ம காரியங்களுக்கென்று உயில் எழுதிவிட்டுப் போனார். வழக்கும் இழுபறியுமாக ஆண்டுகள் ஓடின. நீதிமன்றம் தலையிட்ட பிறகு, தர்மத்தில் மிஞ்சிய பணத்தைக் கொண்டு சென்னையில் அவர் பெயரால் பள்ளி தொடங்கியது 1842ல். இடையில் 48 ஆண்டுகள்! காஞ்சிபுரத்தில் நம் பிள்ளைகள் படிக்கும் பச்சையப்பன் கல்லூரியும் (1947) அந்த அறக்கட்டளை தந்ததே. பணம் ஒதுக்கப்படுவது வேறு, பிள்ளையின் கைக்கு வந்து சேர்வது வேறு. இன்று இடையில் நிற்பது வழக்கல்ல, காகிதம்தான்.

நாம் செய்யக்கூடியவை

1. பிப்ரவரி மாதமே வாடிக்கையாளருக்கு நினைவூட்ட வேண்டும். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர் தொடங்கித் தாலுகா அலுவலகம் வரை போய் வர நாளாகும். மே மாதக் கூட்டத்தில் நின்றால் கடைசித் தேதி தப்பிவிடும்.

2. மாணவர் பெயரிலேயே வங்கிக் கணக்கு வேண்டும். ஆதாருடன் இணைத்திருக்க வேண்டும். எல்லாச் சான்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாயிருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் பணம் நின்றுவிடும்.

3. ரசீது இல்லாமல் எவரிடமும் பணம் தரவேண்டாம் என்று சொல்லவேண்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018ல் அறிவித்துள்ளது.

4. திட்ட விதிகள் ஆண்டுக்காண்டு மாறுபவை. அவ்வாண்டு நிலவரத்தைப் பள்ளித் தலைமையாசிரியரிடமோ கல்லூரி அலுவலகத்திலோ கேட்டு, கடையில் ஒரு பலகையில் எழுதி வைக்கலாம்.

5. இதற்காக ஒரு பைசாவும் கமிஷன் வாங்கக் கூடாது. தரகு புகுந்த இடத்தில் நம்பிக்கை நிற்காது.

6. கட்டணம் கட்டும் மாதத்தில் மளிகைப் பாக்கிக்குக் கொஞ்சம் தவணை கொடுப்போம். உதவித்தொகை வந்துசேர மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில்தான் குடும்பங்கள் வட்டிக்காரரிடம் போகின்றன.

இத்தனைக்கும் நமக்குச் செலவு ஒரு பலகையும் அரை மணி நேரப் பேச்சும்தான். படித்து வேலைக்குப் போன பிள்ளையின் வீட்டில் நம் பாக்கியும் நிற்காது. அடுத்த முறை ஒருவர் கல்லாவுக்கு முன் நின்று கைமாத்து கேட்டால், பணப்பெட்டியைத் திறப்பதற்கு முன், "வருமானச் சான்று வாங்கியாச்சா?" என்று கேட்போம்.